எல்எஸ்1 எஞ்சினில் சிலிண்டர் ஹெட்டும் இன்டேக் மேனிஃபோல்டும் மாற்றுவது: சி5 கார்வெட்டுக்கான செய்முறை

1997 முதல் 2004 வரை வந்த ஐந்தாம் தலைமுறை (சி5) ஷெவர்லே கார்வெட்டில் இருப்பது 5.7 லிட்டர் எல்எஸ்1 வி8. ஆரம்பத்தில் 345 குதிரைத்திறன், 2001 முதல் 350. அதே 99 மி.மீ. போர் (சிலிண்டரின் விட்டம்), அதே 92 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம்) வைத்துக்கொண்டு, 2001-இல் வந்த சி5-இன் வேகமான வகையான இசட்06-இன் எல்எஸ்6 எஞ்சின் 385 கொடுத்தது. 2002-இல் அது 405 ஆனது. கொள்ளளவு ஒரு சொட்டுகூடக் கூடவில்லை. காற்று உள்ளே போகும் பாதையும், வெளியே வரும் பாதையும், வால்வைத் திறந்து மூடும் கேமும்தான் முக்கியமாக மாறின. எல்எஸ்1-இன் ஹெட்டையும் (சிலிண்டர்களை மேலிருந்து மூடும், வால்வுகள் கொண்ட பகுதி) இன்டேக் மேனிஃபோல்டையும் (காற்றைச் சிலிண்டர்களுக்குப் பிரித்து அனுப்பும் பகுதி) மாற்றுகிறவர் செய்வதும் இதையேதான்.

இந்த வேலையில் பலர் பாகத்தின் பெயரைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். எந்த ஹெட் வாங்கினோம் என்பதைவிட, அது நம் பிளாக்கில் உட்கார்ந்தபின் கம்ப்ரஷன் (பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது) எவ்வளவு, பிஸ்டனுக்கும் வால்வுக்கும் இடைவெளி எவ்வளவு, கேமின் அசைவை வால்வு பக்கம் கடத்தும் லிஃப்டர் எவ்வளவு அமுங்குகிறது என்ற மூன்று அளவுகள்தான் எஞ்சின் நிலைக்குமா என்பதைத் தீர்மானிக்கும். இந்த மூன்றையும் அளக்கும் கருவி கையில் இல்லாமல் பழைய ஹெட்டைக் கழற்ற வேண்டாம்.

வாங்குவதற்கு முன்

முதல் வேலை, எஞ்சினின் அடிப்பகுதி இந்தச் செலவுக்குத் தகுதியானதா என்று பார்ப்பது. எட்டு சிலிண்டருக்கும் லீக்டவுன் சோதனை (சிலிண்டருக்குள் அழுத்தக் காற்றை விட்டு எவ்வளவு கசிகிறது என்று அளப்பது) செய்யுங்கள். ஏதாவது ஒன்றில் கசிவு 15 சதவீதத்தைத் தாண்டினால் காற்று எங்கே போகிறது என்று காது வைத்துக் கேளுங்கள். இன்டேக்கிலோ எக்ஸாஸ்ட்டிலோ சீறினால் வால்வு. புது ஹெட்டோடு தீர்ந்துவிடும். ஆயில் ஊற்றும் துளையில் சீறினால் ரிங். அதன்மேல் நல்ல ஹெட் வைப்பது வீண்.

எல்எஸ் குடும்பத்தில் இன்டேக் போர்ட் (ஹெட்டில் காற்று உள்ளே போகும் துளை) இரண்டு வகை: உயரமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும் கதீட்ரல் போர்ட், அகலமான செவ்வகப் போர்ட். எல்எஸ்3, எல்92 ஹெட்கள் இரண்டாவது வகை. மலிவாகக் கிடைக்கும், காற்றும் நன்றாக விடும். ஆனால் அவற்றின் இன்டேக் வால்வு 55 மி.மீ. விட்டம் கொண்டது. குறைந்தது 4.00 அங்குல போர் வேண்டும். எல்எஸ்1-இன் போர் 3.898 அங்குலம். வால்வு திறக்கும்போது சிலிண்டர் சுவரிலேயே இடிக்கும். ஆகவே எல்எஸ்1-க்குக் கதீட்ரல் போர்ட் மட்டுமே.

அதில் மூன்று வழிகள் இருக்கின்றன. முதலாவது, 243 என்ற வார்ப்பு எண் கொண்ட எல்எஸ்6 ஹெட். சேம்பர் (கலவை எரியும் குழிவு) சுமார் 64.5 சிசி, இன்டேக் போர்ட் சுமார் 210 சிசி. பிந்தைய எல்எஸ்1-இல் வந்த 241 ஹெட்டின் சேம்பர் சுமார் 66.7 சிசி. 799 என்ற எண்ணுள்ள ஹெட்டும் 243-உம் வடிவத்தில் ஒன்றே. சில டிரக் எஞ்சின்களில் வந்தது என்பதால் விலை குறைவு. ஒரே வேறுபாடு வால்வில்: 2002 முதல் வந்த இசட்06-இல் இன்டேக் வால்வின் தண்டு உள்ளீடற்றது, எக்ஸாஸ்ட் வால்வு சோடியம் நிரப்பியது. 799-இல் இருப்பவை சாதாரணத் திட வால்வுகள். பின்னர் வந்த எல்எஸ்2 எஞ்சினின் 243-உம் அப்படித்தான். "243 ஹெட்" என்று விற்பனைக்கு வந்தால் எந்த எஞ்சினிலிருந்து கழற்றியது என்று கேளுங்கள். எடை குறைந்த வால்வுக்காகத்தான் அதிக விலை.

இரண்டாவது வழி, இருக்கும் ஹெட்டையே நல்ல இயந்திரப் பட்டறையில் கொடுத்து சிஎன்சி போர்ட்டிங் (கணினி இயக்கும் கருவியால் போர்ட்டைக் குடைந்து திருத்துவது) செய்வது. மூன்றாவது, டிரிக் ஃப்ளோ, ஏஎஃப்ஆர் போன்ற நிறுவனங்களின் புது வார்ப்புகள். டிரிக் ஃப்ளோவின் கதீட்ரல் ஹெட்களில் வால்வின் சாய்வு 15 டிகிரியிலிருந்து 13.5 ஆகக் குறைக்கப்பட்டிருக்கிறது. வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடையில் சற்றுக் கூடுதல் இடம் கிடைக்கும். பெரிய கேம் போடப்போகிறவருக்கு இது நிஜமான லாபம்.

போர்ட் அளவில் பேராசை வேண்டாம். 5.7 லிட்டர் எஞ்சினுக்கு 195 முதல் 215 சிசி வரை போதும். 230, 240 சிசி போர்ட் வைத்தால் ஃப்ளோ பெஞ்ச் (காற்றோட்டம் அளக்கும் கருவி) எண் அழகாக இருக்கும். ஆனால் 3500 ஆர்பிஎம்முக்குக் கீழே காற்றின் வேகம் விழுந்து, தெருவில் ஓட்டும் கார் மந்தமாகிவிடும்.

மேனிஃபோல்ட்

எல்எஸ்6 மேனிஃபோல்ட் 2001 முதல் எல்லா சி5-களிலும் தொழிற்சாலையிலேயே வந்தது. உங்கள் கார் 2001 அல்லது அதற்குப் பிந்தையதானால் அது ஏற்கெனவே உங்களிடம் இருக்கிறது. மறுபடி காசு கொடுத்து வாங்காதீர்கள். 1997 முதல் 2000 வரை வந்த காருக்கு இது மிகக் குறைந்த செலவில் கிடைக்கும் நல்ல மேம்பாடு. பழைய எல்எஸ்1 மேனிஃபோல்டின் அடிப்பகுதி மேலெழும்பியிருக்கும். எல்எஸ்6-இல் அது கீழிறக்கப்பட்டு உள்ளறை பெரிதாக்கப்பட்டது.

அந்தக் கீழிறக்கத்தால்தான் ஒரு சிக்கலும் வருகிறது. பழைய எஞ்சின்களில் ஹெட்களிலிருந்து நீராவியை வெளியேற்றும் சிறு குழாய் நான்கு மூலைகளையும் இணைத்து மேனிஃபோல்டுக்கு அடியில் ஓடும். எல்எஸ்6 மேனிஃபோல்ட் அதன்மேல் உட்காராது. முன்பக்கம் மட்டும் இணைக்கும் பிந்தைய குழாயையும், பின்பக்க இரு துளைகளுக்கு அடைப்பான்களையும் சேர்த்து வாங்குங்கள். மேனிஃபோல்ட் உட்காரவில்லை என்று போல்ட்டை இறுக்கி இழுக்க முயன்றால் பிளாஸ்டிக் விளிம்பு விரிசல் விடும்.

இதற்கும் மேலே போக நினைப்பவர்கள் ஃபாஸ்ட் நிறுவனத்தின் 92 அல்லது 102 மி.மீ. மேனிஃபோல்டைப் பார்க்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது த்ராட்டில் பாடி, அதாவது காற்றின் வாயைத் திறந்து மூடும் பாகம். சி5-இன் த்ராட்டில் 75 மி.மீ., மூன்று போல்ட், கேபிள் இல்லாமல் மின்னணு முறையில் இயங்குவது. எல்எஸ்2-இன் 90 மி.மீ. த்ராட்டிலுக்கு நான்கு போல்ட். கனெக்டரும் சி5-இன் வயரிங்கோடு நேரடியாகப் பொருந்தாது. 102 மி.மீ. வாய் கொண்ட மேனிஃபோல்டில் 75 மி.மீ. த்ராட்டிலை அடாப்டர் வைத்து மாட்டுவதானால் அந்தச் செலவில் பெரும்பகுதி வீண். சி5 வயரிங்கோடு ஒத்துப்போகும் பெரிய மின்னணு த்ராட்டிலுக்கும் சேர்த்து பட்ஜெட் போடுங்கள், இல்லையென்றால் எல்எஸ்6 மேனிஃபோல்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். டிரெயில்பிளேசர் எஸ்எஸ் போன்ற வண்டிகளின் உயரமான மேனிஃபோல்ட் மலிவு. ஆனால் கார்வெட்டின் பானட் அதன்மேல் மூடாது.

கலிஃபோர்னியாவில் கார் பதிவாகியிருந்தால் ஹெட்டுக்கும் மேனிஃபோல்டுக்கும் அம்மாநிலக் காற்றுவளத் துறையின் நிர்வாக ஆணை எண் இருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அது இல்லாமல் புகைச் சோதனையில் கண்ணால் பார்க்கும் கட்டத்திலேயே நிராகரிப்பார்கள்.

கம்ப்ரஷன் கணக்கு

ஒரு சிலிண்டரின் கொள்ளளவு 708 சிசி. எல்எஸ்1 பிஸ்டனின் தலை தட்டையானது. மேல் நிலையில் பிளாக்கின் மேற்பரப்பைவிட சுமார் 0.18 மி.மீ. வெளியே எட்டிப் பார்க்கும். அது 1.4 சிசியைக் கழித்துவிடும். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் வைக்கும், 99.3 மி.மீ. விட்டத் துளையுள்ள 1.30 மி.மீ. கேஸ்கெட் 10 சிசி. அதே விட்டத்தில் 1.02 மி.மீ. கேஸ்கெட் 7.9 சிசி.

241 ஹெட்டும் 1.30 கேஸ்கெட்டும்: 66.7 + 10 − 1.4 = 75.3 சிசி. 708-ஐ இதால் வகுத்து 1 கூட்டினால் 10.4.
243 ஹெட்டும் அதே கேஸ்கெட்டும்: 10.7.
243 ஹெட்டும் 1.02 கேஸ்கெட்டும்: 11.0.
243-ஐ 62 சிசிக்கு மில்லிங் செய்து (அடிப்பரப்பைச் சீவி) 1.02 கேஸ்கெட்: 11.3.

இவை தொழிற்சாலை அறிவிக்கும் எண்களைவிடச் சற்றுக் கூடுதலாக வரும். பிஸ்டன் எட்டிப் பார்க்கும் அளவு ஒவ்வொரு எஞ்சினிலும் சற்றே மாறும். டயல் இண்டிகேட்டர் வைத்து உங்கள் எஞ்சினில் அளந்து போடுங்கள். சேம்பரின் கொள்ளளவையும் விற்பனைத் தாளிலிருந்து எடுக்காதீர்கள். தீப்பொறி பிளக்கும் வால்வுகளும் மாட்டிய ஹெட்டைக் கவிழ்த்து, ஓரத்தில் கிரீஸ் தடவி, சிறு துளையிட்ட அக்ரிலிக் தகட்டை ஒட்டி, ப்யூரெட்டால் நிறமேற்றிய திரவத்தை நிரப்புங்கள். ஒரே ஜோடி ஹெட்டில் இரண்டு சேம்பருக்கு இடையில் 1 சிசிக்கு மேல் வேறுபாடு இருந்தால் பட்டறைக்குத் திருப்பி அனுப்புங்கள்.

மெல்லிய கேஸ்கெட் கம்ப்ரஷனோடு இன்னொன்றையும் தரும். பிஸ்டனுக்கும் ஹெட்டின் தட்டையான பகுதிக்கும் இடையிலான இடுக்கு 1.12 மி.மீ.இலிருந்து 0.84 ஆகச் சுருங்குகிறது. கலவை நன்றாகக் கலங்கி வேகமாக எரியும், நாக்கிங் (கலவை தானாகவே வெடித்து எஞ்சினைத் தட்டுவது) குறையும். ஆனால் 0.8-க்குக் கீழே போகாதீர்கள். அதிக ஆர்பிஎம்மில் கனெக்டிங் ராட் நீளும்போது பிஸ்டன் ஹெட்டைத் தொட்டுவிடும்.

அமெரிக்க பம்புகளில் 93 ஆக்டேன் எண்ணுள்ள பெட்ரோல் கிடைக்கும் ஊரில், மிதமான கேமோடு 11.3 வரை போகலாம். 91 மட்டுமே கிடைத்தால் 11-ஐத் தாண்ட வேண்டாம். பழைய கேமையே வைத்துக்கொள்கிறவர் இன்னும் சற்றுக் கீழே நில்லுங்கள்: சிறிய கேம் இன்டேக் வால்வைச் சீக்கிரம் மூடிவிடுவதால் சிலிண்டருக்குள் அழுத்தம் அதிகமாகச் சேரும். கேமை மாற்றாமல் ஹெட்டை மட்டும் மாற்றினால் பலனில் பாதிதான் கைக்கு வரும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள். கேமையும் இப்போதே மாற்ற இன்னொரு காரணமும் உண்டு. இந்த எஞ்சினில் லிஃப்டர்களையும், அவற்றைத் தாங்கும் பிளாஸ்டிக் தட்டுகளையும் ஹெட்டைக் கழற்றினால்தான் எடுக்க முடியும். அவை ஓடித் தேய்ந்திருந்தால் மாற்ற இதுதான் சமயம்.

கழற்றுவது

எஞ்சின் காரிலேயே இருக்கலாம். பேட்டரியைத் துண்டியுங்கள். எஞ்சின் முழுக்கக் குளிர்ந்தபின் எரிபொருள் ரெயிலிலுள்ள வால்வில் அழுத்தத்தைத் துணி சுற்றி வெளியேற்றுங்கள். இந்த அமைப்பில் இருப்பது 58 பிஎஸ்ஐ, அலட்சியம் செய்யும் அளவல்ல. 1997, 1998 கார்களில் எரிபொருள் திரும்பும் குழாயும் இருக்கும். 1999 முதல் ஒரே குழாய்.

கூலன்ட்டை ரேடியேட்டரிலிருந்து மட்டும் வடித்தால் போதாது. பிளாக்கின் பக்கவாட்டிலுள்ள வடிகால் பிளக்குகளையும் திறந்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ஹெட்டைத் தூக்கினால் மிச்சமிருக்கும் கூலன்ட் சிலிண்டருக்குள்ளும் போல்ட் துளைகளுக்குள்ளும் கொட்டும். சிலிண்டருக்குள் போனது ஆயிலில் கலக்கும், போல்ட் துளைக்குள் போனது பிளாக்கையே உடைக்கும். எப்படி என்று கீழே வருகிறது.

மேனிஃபோல்டைப் பிடித்திருப்பவை பத்து எம்6 (6 மி.மீ. விட்ட) போல்ட்கள். ரெயிலோடு சேர்த்தே தூக்கலாம். தூக்குவதற்கு முன் பின்பக்கத்தில் மேப் (மேனிஃபோல்ட் அழுத்த) சென்சார் கனெக்டரும் பிரேக் பூஸ்டர் குழாயும் கழன்றிருக்கின்றனவா என்று கை விட்டுப் பாருங்கள். தூக்கியதும் எட்டு இன்டேக் துளைகளையும் சுத்தமான துணியாலோ டேப்பாலோ அடையுங்கள்.

மேனிஃபோல்டுக்குக் கீழே பள்ளத்தில் இரண்டு நாக் சென்சார்கள் ரப்பர் மூடிக்கடியில் இருக்கும். எஞ்சினைத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவிய கார்களில் பின்பக்கச் சென்சாரின் குழியில் தண்ணீர் தேங்கி அது துருப்பிடித்திருப்பது மிகச் சாதாரணம். இரண்டையும் வயரோடு சேர்த்து மாற்றிவிடுங்கள். 20 நியூட்டன்-மீட்டருக்கு மேல் இறுக்கினால் சென்சார் தவறாகக் கேட்கும். அருகிலேயே பின்பக்கமிருக்கும் ஆயில் அழுத்த சென்சாரையும் இப்போதே மாற்றுவது நல்லது. மேனிஃபோல்ட் மாட்டியபின் அதை எட்டுவது வேதனை.

ராக்கர்களையும் (வால்வை அமுக்கும் நெம்புகோல்கள்) புஷ்ராட்களையும் (லிஃப்டரிலிருந்து ராக்கருக்குப் போகும் தண்டுகள்) எந்த இடத்திலிருந்து எடுத்தீர்களோ அந்த வரிசையிலேயே அட்டையில் குத்தி வையுங்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் கடைசி போல்ட்கள் ஹெட்டுக்குள் முறிந்து நிற்பது வழக்கம். முந்தின நாளே ஊடுருவும் எண்ணெய் அடித்துவிட்டு, முன்னும் பின்னுமாக அசைத்துக் கழற்றுங்கள்.

ஹெட் போல்ட் நீளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். 2003 வரையான எஞ்சின்களில் ஒவ்வொரு ஹெட்டிலும் எட்டு நீளமான எம்11, முன்னும் பின்னும் இரண்டு குட்டையான எம்11, மேல் வரிசையில் ஐந்து எம்8 இருக்கும். 2004-இலிருந்து எம்11 எல்லாமே குட்டை. ஆர்டர் போடும்போது ஆண்டைத் தவறாகச் சொன்னால் தவறான பெட்டிதான் வரும். இந்த போல்ட்கள் இறுக்கும்போது நீளும் வகை. ஒரு முறைக்கு மேல் பயன்படுத்தக் கூடாது.

சுத்தம் செய்வது

இந்த வேலையில் எஞ்சின்கள் அதிகம் சாவது இங்கேதான். அவசரப்படாதீர்கள்.

பிளாக்கின் மேற்பரப்பிலிருந்து பழைய கேஸ்கெட்டை எடுக்கச் சுழலும் உராய்வு வட்டுகளைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றிலிருந்து உதிரும் அலுமினியம் ஆக்சைடு தூள் ஆயில் ஃபில்டரையும் தாண்டிப் போய் பேரிங்குகளைத் தின்னும். ஜெனரல் மோட்டார்ஸே தன் பட்டறைகளுக்கு இதைத் தடைசெய்து அறிக்கை அனுப்பியிருக்கிறது. கேஸ்கெட் நீக்கும் ரசாயனமும் பிளாஸ்டிக் சுரண்டியும் பொறுமையும் போதும்.

அடுத்தது போல்ட் துளைகள். இவை அடிமூடிய துளைகள். உள்ளே கூலன்ட்டோ ஆயிலோ தேங்கியிருக்க போல்ட்டை முறுக்கினால் திரவத்துக்குப் போக வழியில்லை. திரவம் அமுங்காது, ஆகவே அலுமினிய பிளாக் பிளக்கும். டார்க் ரெஞ்ச் சரியான எண்ணைக் காட்டிக்கொண்டிருக்கும்போதே இது நடக்கும். ஒவ்வொரு துளையிலும் பிரேக் கிளீனர் அடித்து, மெல்லிய குழாய் வைத்து அழுத்தக் காற்றால் ஊதுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மரை சுத்தம் செய்யும் சேஸரை விடுங்கள்; புது மரை வெட்டும் டேப் வேண்டாம், அது உலோகத்தைக் குறைத்துவிடும். மறுபடி ஊதுங்கள். கடைசியாகத் துணி சுற்றிய கம்பியை அடிவரை விட்டு உலர்ந்து வருகிறதா என்று பாருங்கள்.

நேர்விளிம்பும் ஃபீலர் கேஜும் வைத்து இரண்டு மேற்பரப்புகளையும் நீளவாக்கிலும் குறுக்கிலும் மூலைவிட்டத்திலும் பாருங்கள். பல அடுக்கு எஃகு கேஸ்கெட்டுக்கு 0.05 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. மேற்பரப்பு 50 மைக்ரோ அங்குல ஆர்ஏ (சராசரிக் கரடுமுரடு) அளவுக்காவது மழமழப்பாக இருக்க வேண்டும் என்று பட்டறையிடம் சொல்லுங்கள். கரடுமுரடான பரப்பில் எஃகு கேஸ்கெட் கசியும்.

சோதனைக்காக மாட்டுவது

பழைய, ஏற்கெனவே அமுங்கிய கேஸ்கெட்டை வைத்து ஒரு ஹெட்டைப் பழைய போல்ட்களோடு மாட்டுங்கள். புது கேஸ்கெட்டோடு தடிமன் வேறுபட்டால் அதைக் கழித்துக்கொள்ளுங்கள். முதல் சிலிண்டரின் இரண்டு வால்வுகளிலும் உண்மையான ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, விரலால் அமுக்கக்கூடிய சோதனை ஸ்பிரிங்கைப் போடுங்கள். ஹைட்ராலிக் லிஃப்டர் உண்மையான ஸ்பிரிங்குக்கு அடியில் உள்வாங்கிவிடும். இடைவெளி இருப்பதைவிட அதிகமாகக் காட்டி ஏமாற்றும்.

கிராங்கில் டிகிரி வட்டை மாட்டி, எக்ஸாஸ்ட் மூடி இன்டேக் திறக்கும் மேல் நிலைக்கு 20 டிகிரி முன்னிருந்து 20 டிகிரி பின்வரை 2 டிகிரி தாவலில் சுழற்றுங்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் வால்வைக் கையால் பிஸ்டனைத் தொடும்வரை அமுக்கி டயல் இண்டிகேட்டரில் படியுங்கள். இன்டேக்கில் மேல் நிலைக்குப் பின் 10 டிகிரி வாக்கிலும், எக்ஸாஸ்ட்டில் அதற்கு முன் 10 டிகிரி வாக்கிலும் இடைவெளி மிகக் குறைவாக இருக்கும். இன்டேக்கில் 2.0 மி.மீ., எக்ஸாஸ்ட்டில் 2.5 மி.மீ. குறைந்தபட்சம். எல்எஸ்1 பிஸ்டனில் வால்வுக்கான குழிவு இல்லை. ஆகவே மில்லிங், மெல்லிய கேஸ்கெட், பெரிய கேம் மூன்றும் சேர்ந்தால் இந்த எண் சீக்கிரம் தீர்ந்துவிடும். குறைவாக வந்தால் தடித்த கேஸ்கெட் போடுங்கள் அல்லது கேமை மாற்றுங்கள். "பார்த்துக்கொள்ளலாம்" என்று விட்டால் முதல் தவறான கியர் மாற்றத்திலேயே வால்வு வளையும்.

பிறகு புஷ்ராட். தொழிற்சாலை நீளம் சுமார் 7.400 அங்குலம். ஹெட்டை 0.38 மி.மீ. சீவி, கேஸ்கெட்டில் 0.28 மி.மீ. குறைத்திருந்தால் ஹெட் மொத்தம் 0.66 மி.மீ. கீழிறங்கியிருக்கும், பழைய புஷ்ராட் அந்த அளவுக்கு லிஃப்டரை அதிகமாக அமுக்கும். நீளம் மாற்றக்கூடிய சோதனைப் புஷ்ராட்டைப் போடுங்கள். வால்வு மூடியிருக்கும் நிலையில் ராக்கர் போல்ட்டை 30 நியூட்டன்-மீட்டருக்கு இறுக்கி, ஆட்டமும் அமுக்கமும் இல்லாத நிலைக்கு நீட்டுங்கள். அந்த நீளத்தோடு 1.5 முதல் 2.0 மி.மீ. வரை கூட்டி வாங்குங்கள். வேறு வகை லிஃப்டர் போட்டிருந்தால் அதன் தயாரிப்பாளர் சொல்லும் அளவைக் கூட்டுங்கள். அமுக்கம் குறைந்தால் டிக் டிக் என்று சத்தம். கூடினால் வால்வு முழுக்க மூடாமல் கம்ப்ரஷன் போகும், வால்வின் ஓரம் எரியும்.

ஸ்பிரிங்கையும் கேமின் லிஃப்ட்டுக்கு (வால்வு திறக்கும் உயரத்துக்கு) ஏற்பத் தேர்ந்தெடுங்கள். எல்எஸ்1-இன் ஸ்பிரிங் அரை அங்குல லிஃப்ட்டுக்கு மேல் தாங்காது. 2002 இசட்06 கேமின் லிஃப்ட் 0.551 அங்குலம், அதற்கென்று மஞ்சள் நிற ஸ்பிரிங் வந்தது. அதைத் தாண்டும் கேமுக்கு இரட்டை ஸ்பிரிங் போடுங்கள்.

மாட்டுவது

ஹெட் கேஸ்கெட்டை உலர்வாகவே வையுங்கள். சிலிக்கோன், ஸ்ப்ரே எதுவும் வேண்டாம். அமைவிட ஊசிகள் இரண்டும் பிளாக்கில் இருக்கின்றனவா என்று பாருங்கள், பழைய ஹெட்டோடு ஒட்டிக்கொண்டு போயிருக்கும். ஹெட்டை நேராக இறக்குங்கள். கேஸ்கெட்டின்மேல் இழுத்து நகர்த்தினால் அதன் பூச்சு கீறிவிடும்.

2003 வரையான எஞ்சினுக்கு, புது தொழிற்சாலை போல்ட்களோடு: நடுவிலிருந்து வெளிப்புறமாக எம்11 பத்தையும் முதலில் 30 நியூட்டன்-மீட்டர். இரண்டாம் சுற்றில் பத்தையும் 76 டிகிரி. மூன்றாம் சுற்றில் நீளமான எட்டையும் இன்னொரு 76 டிகிரி, குட்டையான இரண்டை 34 டிகிரி மட்டும். கடைசியாக எம்8 ஐந்தும், நடுவிலிருந்து வெளியே, 30 நியூட்டன்-மீட்டர். 2004 எஞ்சினின் எம்11-க்கு 30 நியூட்டன்-மீட்டர், பிறகு 90 டிகிரி, பிறகு 70 டிகிரி. கோணத்தைக் கண்ணால் மதிப்பிடாதீர்கள், கோண அளவி மலிவுதான். ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் பெயின்ட் பேனாவால் கோடு போட்டால் எதை விட்டோம் என்பது தெரியும். ஏஆர்பி போல்ட் அல்லது ஸ்டட் போடுகிறவர்கள் இந்த எண்களை மறந்துவிட்டு, பெட்டியில் வரும் தாளையும் அதோடு வரும் மசகையும் பின்பற்றுங்கள்.

ராக்கரை இறுக்க இரண்டே நிலைகள் போதும். முதல் சிலிண்டர் எரியும் மேல் நிலையில்: எக்ஸாஸ்ட் 1, 2, 7, 8; இன்டேக் 1, 3, 4, 5. கிராங்கை ஒரு முழுச் சுற்று சுற்றி: எக்ஸாஸ்ட் 3, 4, 5, 6, இன்டேக் 2, 6, 7, 8. எல்லாம் 30 நியூட்டன்-மீட்டர். புஷ்ராட் இரு முனையிலும் குழிக்குள் உட்கார்ந்திருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் விரலால் தொட்டுப் பாருங்கள்.

மேனிஃபோல்டுக்குப் புது கேஸ்கெட்கள் போட்டு, போல்ட் மரைகளில் நடுத்தர மரைப் பசை தடவி, முதல் சுற்று 5, இரண்டாம் சுற்று 10 நியூட்டன்-மீட்டர். அவ்வளவுதான். அலுமினிய ஹெட்டிலுள்ள எம்6 மரை அதற்கு மேல் தாங்காது. ஹெட்டை முக்கால் மி.மீ.க்கு மேல் சீவியிருந்தால் போர்ட்களும் மேனிஃபோல்டும் நேருக்கு நேர் வருகின்றனவா என்பதையும் சரிபாருங்கள். இன்ஜெக்டர் ஓ-ரிங்குகளில் எஞ்சின் ஆயில் தடவி உட்காரவையுங்கள், உலர்வாகத் தள்ளினால் கிழியும். தீப்பொறி பிளக்: தொழிற்சாலைச் சூட்டு அளவுக்கு என்ஜிகே டிஆர்55, கம்ப்ரஷன் 11-ஐத் தாண்டினால் ஒரு படி குளிர்ந்த டிஆர்6. இடைவெளி 1 மி.மீ. புது அலுமினிய ஹெட்டில் 20, பழையதில் 15 நியூட்டன்-மீட்டர்.

முதல் முறை கிளப்புவது

ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுங்கள். எரிபொருள் பம்ப் ஃப்யூஸையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, ஆயில் அழுத்தம் ஏறும்வரை ஸ்டார்ட்டரால் பத்துப் பத்து விநாடியாகச் சுற்றுங்கள். கூலன்ட்டை மெதுவாக ஊற்றுங்கள். நீராவிக் குழாய் வழியாகக் காற்று வெளியேற நேரம் வேண்டும். ஹெட்டர் சூடாக ஊதாமல் வெப்பமானி மட்டும் ஏறினால் உள்ளே காற்று மாட்டியிருக்கிறது, உடனே நிறுத்துங்கள்.

பழைய டியூனில் (கணினியிலுள்ள எரிபொருள், தீப்பொறி அமைப்புகளில்) வேகமாக ஓட்டாதீர்கள். எல்எஸ்1-இன் கணினி 4000 ஆர்பிஎம் வரை காற்றோட்ட சென்சாரையும் எஞ்சினின் கொள்திறன் (எவ்வளவு காற்றை உள்ளிழுக்கும்) அட்டவணையையும் கலந்து கணக்கிடும். அதற்கு மேல் பெரும்பாலும் சென்சாரை மட்டும் நம்பும். ஆகவே அட்டவணையையும் சென்சார் அளவுகோலையும் இரண்டையுமே திருத்த வேண்டும். ஹெச்பி டியூனர்ஸ் அல்லது இஎஃப்ஐ லைவ் மென்பொருள் இதற்குப் போதும். முழு த்ராட்டிலில் காற்று எரிபொருள் விகிதம் 12.6 முதல் 12.9 வரை, தீப்பொறி முன்னேற்றத்தை 22 டிகிரியில் தொடங்கி, நாக் பதிவு பூஜ்யமாக இருக்கும்வரை ஒவ்வொரு டிகிரியாக ஏற்றுங்கள். திறன் கூடுவது நின்றதும் நீங்களும் நின்றுவிடுங்கள்.

இன்ஜெக்டர் போதுமா என்பதற்கு ஒரு கணக்கு: கிராங்கில் எதிர்பார்க்கும் குதிரைத்திறனை 0.5-ஆல் பெருக்கி, 8-ஆலும் 0.85-ஆலும் வகுங்கள். 450 என்றால் மணிக்கு 33 பவுண்டு. பிந்தைய எல்எஸ்1-இல் வந்தது 28.5. முழு வேகத்தில் எரிபொருள் பற்றாமல் போனால் பிஸ்டன் உருகும் என்பதால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள்.

கலவையில் எரிபொருள் குறைவு என்று சொல்லும் பி0171, பி0174 பிழைக் குறியீடுகள் இரண்டும் சேர்ந்து வந்து, ஐடிலில் மட்டும் எரிபொருள் திருத்தம் மேலே ஏறி, ஆர்பிஎம் கூடும்போது சரியாகிவிட்டால் அது மேனிஃபோல்ட் கேஸ்கெட் கசிவு. புகை இயந்திரம் வைத்துத் தேடுங்கள். கிளீனர் ஸ்ப்ரேயைச் சூடான எக்ஸாஸ்ட் அருகே அடித்துத் தேடாதீர்கள், தீப்பிடிக்கும். ஒரே சிலிண்டர் மட்டும் மிஸ் ஆனால் முதலில் பிளக் வயர், பிறகு இன்ஜெக்டர் கனெக்டர், அதன்பின் அந்தச் சிலிண்டரின் லிஃப்டர் அமுக்கம். குளிர்ந்த எஞ்சினில் கூலன்ட் குழாய் கிளப்பிய சில நொடிகளிலேயே கல்லாக இறுகினால் ஹெட் கேஸ்கெட்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்; கூலன்ட்டில் எரிந்த வாயு கலந்திருக்கிறதா என்று ரசாயனச் சோதனை செய்யுங்கள்.

முதல் 800 கிலோமீட்டருக்குப் பிறகு ஆயிலை மாற்றி, பழைய ஃபில்டரை வெட்டித் திறந்து மடிப்புகளை விரித்து வெளிச்சத்தில் பாருங்கள். ஓரிரு மினுமினுப்பு இருக்கலாம். காந்தத்தில் ஒட்டும் துகள் வந்தால் லிஃப்டர் உருளையையும் கேமையும் பார்க்கும்வரை காரை எடுக்காதீர்கள்.